மஞ்சள் தண்ணீரும் மாறிப்போன தலைப்பும்

மாணிக்கம் அண்ணன் கடையில் அன்று பாய்லர் கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் டீ கேட்கவில்லை. எல்லோரும் பேப்பரைச் சுற்றி நின்றோம்.

மூன்றாம் பக்கம், கீழ்ப் பத்தி. மை விரலில் ஒட்டியது. மாணிக்கம் அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உரக்கப் படித்தார். கடைசி வரியில் என் பெயர் இருந்தது. "ப. ஏழுமலை மற்றும் தெருவாசிகள், பீன்யா."

என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட அடிக்கவில்லை.

அவர் தலைப்பையும் படித்தார். என் காதில் விழுந்தது, மனதில் தங்கவில்லை. பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தலைப்பு என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அதனால்தான் இந்த அத்தியாயமே.

இந்தத் தொடரை எழுதச் சொன்னபோது பத்திரிகை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், தலைப்பை மட்டும் நான்தான் வைப்பேன் என்றேன். அவர் சிரித்தார். காரணம் கேட்கவில்லை. இந்த வாரம் அவருக்கும் தெரிந்துவிடும்.

கழுவு தொட்டியின் நிறம்

பெங்களூர் பீன்யாவில் எங்கள் தெரு. நாற்பது வீடு. எல்லாம் சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகள். பாதிக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மீதி துமகூர், ஹாசன் பக்கம். இரண்டு வீடு ஆந்திரா. எல்லோரும் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை.

தெரு முனையில் ஒரு போர்வெல் கிணறு இருந்தது. கை பம்பு. அதுதான் நாற்பது வீட்டுக்கும் தண்ணீர்.

தொண்ணூறுகளின் பாதி தாண்டிய ஒரு கோடையில் அந்தத் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பிறகு குடத்துக்குள்ளேயே தெரிந்தது. எலுமிச்சைத் தோல் நிறம்.

பெண்கள் துரு என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த நிறம் தெரியும்.

நான் வேலை செய்தது தண்ணீர்க் குழாய்களுக்குப் பாலிஷ் போட்டுக் குரோம் ஏற்றும் கம்பெனி. பித்தளைக் குழாயை நிக்கலில் முக்கி, குரோமில் முக்கி, கடைசியில் தொட்டித் தண்ணீரில் அலசுவோம். அலசிய தண்ணீர் அதே மஞ்சள். அது பின்பக்கச் சாக்கடையில் போகும். சுற்றியிருந்த பல கம்பெனிகளிலும் அப்படித்தான்.

தெருத் தண்ணீரில் எங்கள் தொட்டித் தண்ணீரும் கலந்திருக்கும். கடிதத்தில் நான் இதை எழுதவில்லை. வேலை போய்விடும் என்று பயம். இப்போது எழுதுகிறேன்.

என் மகள் தேவிக்கு அப்போது ஏழு வயது. கணுக்காலைச் சுற்றி தோல் உரிந்தது. இரவெல்லாம் சொறிவாள். டாக்டர் களிம்பு கொடுத்தார். தண்ணீரை மாற்றுங்கள் என்றார். மாற்ற எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை.

அரை மைல் தள்ளி ஒரு லேஅவுட். அங்கே குழாயில் காவேரித் தண்ணீர் வந்தது. பெங்களூரில் குழாய்த் தண்ணீருக்கே அதுதான் பெயர். யாரும் ஆற்றை நினைத்துச் சொல்வதில்லை. என் மனைவி செல்வி அங்கே இரண்டு குடம் கேட்டு வாங்கி வருவாள். ஒரு வீட்டில் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விடுவார்கள்.

பதினோரு வரி

பேப்பருக்கு எழுதலாம் என்றது மாணிக்கம் அண்ணன்தான். தெருவில் தமிழ்ப் பேப்பர் வாங்கியது அவர் ஒருவர். அந்த ஒரு பேப்பரை இருபது பேர் படிப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் படிப்பார்.

அவருக்குப் பேப்பர் மேல் அத்தனை நம்பிக்கை. "அச்சுல வந்துட்டா அசைஞ்சு குடுத்துத்தான் ஆவணும்டா" என்பார்.

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எங்கள் தெரு முனைவரை வருவார்கள். சாக்கடை நாற்றத்தில் கைக்குட்டையை எடுப்பார்கள். கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பதுதான் என் முடிவு. இரண்டு தேர்தலாக நான் ஓட்டுப் போடவே போகவில்லை. அன்றைக்குக் கூடுதல் ஷிப்ட் பார்ப்பேன்.

ஆனாலும் எழுதினேன். தேவியின் காலைப் பார்த்துவிட்டு எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. பதினோரு வரி. கிணறு மஞ்சளாகிவிட்டது, குழந்தைகளுக்குத் தோல் உரிகிறது, எங்கள் தெருவுக்கும் குழாய் போட வேண்டும். அவ்வளவுதான்.

வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். சிவண்ணா வீட்டுக்கும் போனேன்.

சிவண்ணா துமகூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தார். நாலு வீடு தள்ளி வீடு. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "நீ எழுதினியா?" என்றார். ஆமாம் என்றேன். கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

பேச்சில் ஒரு பள்ளம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காவேரித் தகராறில் ஊர் கொதித்த வருடம். தமிழர்கள் பலர் சாமானைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினார்கள். கம்பெனிக்கு லீவு விட்டார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரேடியோவில் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். தூரத்தில் டயர் எரியும் வாசனை வந்தது.

பின்கதவை யாரோ தட்டினார்கள். சிவண்ணா. கையில் பால் பாக்கெட். ரோட்டுப் பக்கம் வராதே, எது வேண்டுமானாலும் என்னிடம் சொல் என்றார். நாலு நாள் பால் கொண்டுவந்தார். நான் நன்றி சொன்னதில்லை. அவரும் அதைப் பேசினதில்லை.

ஆனால் வேலைக்குத் திரும்பியபின் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. எங்கள் பேப்பரில் வந்ததை நான் சொன்னேன். அவர் பேப்பரில் வந்ததை அவர் சொன்னார். ஊர் ஒன்று, நாள் ஒன்று, இரண்டு பேப்பரிலும் இரண்டு கதை. குரல் ஏறியது. இருவரும் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டோம்.

மறுநாள் மறுபடி சேர்ந்து சாப்பிட்டோம். அன்றிலிருந்து ஒரு பழக்கம். மழை பேசுவோம், பிள்ளைகள் படிப்புப் பேசுவோம், சூப்பர்வைசரைத் திட்டுவோம். பேப்பரில் வந்ததை மட்டும் பேசுவதில்லை. அந்தப் பள்ளத்தை இருவரும் தாண்டித் தாண்டியே நடந்தோம்.

"என் சைன் எங்கே?"

கடிதம் அச்சில் வந்த வாரம் தெருவே வேறு மாதிரி நடந்தது. மாணிக்கம் அண்ணன் அந்தத் துண்டை வெட்டி அட்டையில் ஒட்டி லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டினார். வெள்ளிக்கிழமை அதற்குப் பூ வைத்தார். அதிகாரி வந்தால் யார் பேசுவது என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. இரண்டு பேர் தெருவைக் கூட்டிப் பெருக்கி வைத்தார்கள்.

நானும் நிமிர்ந்துதான் நடந்தேன். மறைப்பானேன்.

செல்வி மட்டும் அசையவில்லை. "பேப்பர்ல வந்துச்சா? இந்தா, இந்தக் கொடத்த அதுல புடிச்சு ரொப்பினு வா" என்று என் கையில் குடத்தைக் கொடுத்தாள்.

ஒரு மாதம் போயிற்று. ஒருவரும் வரவில்லை. கூட்டிய தெருவில் மறுபடி குப்பை சேர்ந்தது. பூ வைப்பதை அண்ணன் நிறுத்திவிட்டார்.

சிவண்ணா அப்போது தன் சொந்த ஊரில் இருந்தார். அவர் அப்பாவுக்கு முடியவில்லை. திரும்பி வந்த அன்று கடைக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார்.

"நம்ம லெட்டரா?" என்றார். "ஓதிச் சொல்லு."

எனக்கு அப்போதுதான் அந்தத் தலைப்பு கண்ணில் பட்டது. ஒரு மாதமாகத் தினமும் அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

மாற்றிப் படித்திருக்கலாம். அவருக்குத் தெரியாது. கடையில் இருந்தவர்கள் யாரும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நாலு நாள் பால் ஞாபகம் வந்தது. உள்ளபடி படித்தேன்.

"பெங்களூரில் தமிழர்களுக்குக் காவிரி நீர் மறுப்பு."

கீழே என் பதினோரு வரியில் ஆறு வரிதான் இருந்தது. மஞ்சள் கிணறு இல்லை. தோல் உரிந்ததும் இல்லை. "தமிழர் குடியிருப்பு" என்று நான் எழுதாத ஒரு சொல் இருந்தது.

சிவண்ணா டீயைக் கடைசிவரை குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"என் சைன் எங்கே?"

இல்லை என்றேன். தெருவாசிகள் என்று போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"என் பொண்ணு காலும் உரியுது, ஏழுமலை. அவளுக்கு யாரு மறுப்பு பண்ணாங்க?"

அவர் எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"இன்னொண்ணு கேளு. தண்ணி ஆபீசுல இருக்கிற இன்ஜினியரு இந்தப் பேப்பர ஓதுவானா? ஒரு மாசம் பூ வச்சீங்களே, யாருக்கு வச்சீங்க?"

நாற்பது வீட்டில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. கன்னடத்தில் நடக்கும் ஆபீசுக்குத் தமிழில் எழுதிவிட்டு, தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறோம்.

மறுநாள் சிவண்ணா தனியாகச் சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும்.

குழாய்க்குச் சுற்றிய செய்தி

எங்கள் கம்பெனியில் பாலிஷ் முடிந்த குழாயைப் பழைய பேப்பரில் சுற்றித்தான் பெட்டியில் அடுக்குவோம். கை ரேகை படக்கூடாது. பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக வரும். கன்னடம்தான் அதிகம். பேக்கிங்கில் ஆள் குறைந்தால் என்னையும் உட்கார வைப்பார்கள்.

நான் கன்னட எழுத்துக் கற்றது அந்த மூட்டையில்தான். வருடக்கணக்காகச் சுற்றியதில் பெரிய எழுத்துகள் பிடிபட்டன. சினிமாப் பெயர், ஊர்ப் பெயர், பால் விலை. மெதுவாக எழுத்துக் கூட்டுவேன். சின்ன எழுத்து வராது.

இது நடந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு குழாயைச் சுற்றப் போனேன். தாளில் எங்கள் பகுதியின் பெயர் இருந்தது. பக்கத்தில் "நீரு" என்று இருந்தது. ஒரு படமும் இருந்தது. மாலை போட்ட ஒருவர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

குழாயைப் பிரித்து வைத்தேன். தாளை மடித்துச் சட்டைக்குள் போட்டேன்.

மத்தியானம் சிவண்ணா முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. தாளை நீட்டினேன்.

"எனக்கு முழுசாப் படிக்க வரல. நீ ஓதிச் சொல்லு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு படித்தார்.

எங்கள் பகுதிக்குக் குடிநீர்க் குழாய்க்கு அனுமதி ஆகிவிட்டது, அடுத்த உகாதிக்குள் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் வரும் என்று பெரிய அதிகாரி சொன்னதாகச் செய்தி. தாளின் தலையில் தேதி இருந்தது. அந்த உகாதி போய் இரண்டு உகாதி ஆகியிருந்தது.

சிவண்ணா சிரித்தார். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. "என் பேப்பரும் பூ வைக்கிற பேப்பர்தான், குரு" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டில் உட்கார்ந்து கன்னடத்தில் எழுதினார். ஆறே வரி. நான் பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போடப் போனேன்.

"முதல்ல கேளு" என்று என் கையைப் பிடித்தார். வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். பிறகுதான் விட்டார். கன்னட எழுத்தில் என் பெயரை முதன்முதலாக எழுதினேன். ழ அங்கே ள ஆனது. பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமைகள்

கன்னடப் பேப்பரில் அது மூன்று வரியாக வந்தது. வாசகர் குறைகள் என்ற பகுதியில், நாய்த் தொல்லைக்கும் தெருவிளக்குக்கும் நடுவில். தலைப்பே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

இந்தத் தடவை காத்திருக்கவில்லை. மூன்று வரியையும், குழாய் சுற்றிய தாளையும் எடுத்துக்கொண்டு இருவரும் தண்ணீர் ஆபீசுக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை காலையில் ஜனங்கள் குறை சொல்லலாம் என்று அங்கே போர்டு இருந்தது. நாங்கள் இரண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

இன்ஜினியர் இளவயது. தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். பேப்பர்காரன் எழுதுவதற்கெல்லாம் நான் பொறுப்பா என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். பேப்பர் சொல்லவில்லை சார், உங்கள் ஆபீஸ் சொன்னது என்றுதான் பேப்பர் சொல்கிறது.

அந்த அதிகாரி டிரான்ஸ்பர் ஆகிவிட்டார் என்றார்.

சிவண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபீஸ் இங்கேயேதானே இருக்கிறது என்றார்.

இன்ஜினியர் அடுத்த வாரம் வரச் சொன்னார். போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். சில வாரம் அவர் இருக்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஒரு வாரம் செல்வியும் சிவண்ணாவின் மனைவியும் வந்தார்கள். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து அவர் மேஜைமேல் வைத்தாள் செல்வி. வெயில் பட்டுப் பாட்டில் மஞ்சளாக நின்றது. இன்ஜினியர் அதைத் தள்ளி வைத்துவிட்டு ஃபைலைத் தேடினார். முதல் தடவையாக ஃபைல் வெளியே வந்தது.

எத்தனை செவ்வாய் என்று எண்ணவில்லை. மழைக்காலத்தில் தொடங்கினோம். வண்டியில் மாம்பழம் விற்க வந்தபோது தெருவைத் தோண்டினார்கள்.

வீட்டுக்கு வீடு குழாய் கிடைக்கவில்லை. தெரு முனையில் ஒரே ஒரு குழாய். வாரத்தில் இரண்டு நாள். கம்பெனியில் பாலிஷ் சரியில்லை என்று கழித்த ஒரு குழாயைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து நானே மாட்டினேன். கழுத்தில் ஊசி முனை அளவு புள்ளி. மற்றபடி பளபளப்புதான்.

முதல் தண்ணீர் செம்மண் கலந்து வந்தது. பிறகு தெளிந்தது. செல்வி குடத்தைக்கூட வைக்கவில்லை. தேவியைத் தூக்கிக் குழாயடியில் நிறுத்திக் காலைக் கழுவினாள்.

அட்டையின் பின்பக்கம்

எதனால் வந்தது என்று கடையில் வெகு நாள் பேச்சு. தமிழ்ப் பேப்பர்தான் முதலில் அசைத்தது என்பார் மாணிக்கம் அண்ணன். தன் மூன்று வரிதான் என்பார் சிவண்ணா. பாட்டில் என்பாள் செல்வி. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த இடம் தேய்ந்திருக்கும் என்பதுதான்.

அடுத்த தேர்தலில் நான் லீவு போட்டு வரிசையில் நின்றேன். பேப்பர் சொல்லி இல்லை. கேட்டு வாங்க ஒரு ஆபீஸ் இருக்கிறது, அதற்குக் கதவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்காக.

தண்ணீர் வந்த செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வராதது ஒரு சிக்கலை உண்டாக்கியது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒருவர் புதன் என்பார், ஒருவர் வியாழன் என்பார். பெண்கள் விடியுமுன்னே குடத்தோடு வந்து நின்று வெறுங்கையாகத் திரும்பினார்கள்.

நான் கடைக்குப் போனேன். அந்த லேமினேஷன் அட்டையைக் கழற்றினேன். மாணிக்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்பக்கம் வெறும் அட்டை. அதில் பெயிண்டால் எழுதினேன்.

"குழாய்த் தண்ணீர். செவ்வாய், வெள்ளி. காலை ஐந்தரை."

கீழே அதையே சிவண்ணா கன்னடத்தில் எழுதினார். கடைசியில் இருவரும் பெயரையும் வீட்டு நம்பரையும் போட்டோம். குழாய்க்கு மேலே கட்டினேன். தலைப்பு சுவர்ப் பக்கம் போயிற்று.

அதைத் தெருவே நம்பியது. ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். தப்பாக இருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அதிலேயே இருந்தது.

தட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு. செல்வி கதவைத் திறந்தாள். நாலு பெண்கள், காலிக் குடங்கள். முன்னால் நின்றது சிவண்ணாவின் மனைவி.

"அண்ணா, போர்டுல வெள்ளின்னு இருக்கு. தண்ணி எங்கே?"

அவர்களுக்குப் பின்னால் சிவண்ணா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தேன்.